கண்ணுக்குத் தோன்றாக் கவசம்: அலுமினியத்தின் இயல்பும் அதனைப் பேணும் முறையும்

அடுக்களையிலே தேநீருக்கு நீர் கொதிக்கும் கேத்தல், வீதியோரக் கம்பங்களிலே செல்லும் மின்கம்பி, வீட்டு யன்னலின் சட்டம், மருந்து வில்லைகளை மூடியிருக்கும் பளபளப்பான தாள், வானிலே பறக்கும் விமானத்தின் இறக்கை ஆகிய இவையெல்லாவற்றிலும் இடம்பெற்றிருப்பது ஓர் உலோகமே. அதுதான் அலுமினியம். நாள்தோறும் கையாளும் பொருளாகையால் அதனிடத்து வியப்புக்குரியது யாதேனும் உண்டென நாம் எண்ணுவதில்லை. பொன்னைப் போற்றுகிறோம், வெள்ளியைப் பேணுகிறோம், செம்பையும் பித்தளையையும் துலக்கி அடுக்குகிறோம். அலுமினியத்தையோ மலிவான பொருள் என்று ஒதுக்கிவிடுகிறோம்.

ஆயினும், இரசாயன நூலைத் திறப்போர் அங்கே ஒரு புதிரைக் காண்பர். உலோகங்களை அவற்றின் தாக்குந் திறனுக்கேற்ப வரிசைப்படுத்தி மின்னிரசாயனத் தொடர் என்று வழங்குவர். அத்தொடரிலே அலுமினியம் நாகத்திற்கும் மேலே, இரும்பிற்கு இன்னும் மேலே நிற்கின்றது. அஃதாவது, ஒட்சிசனோடு சேர்வதில் இரும்பைக் காட்டிலும் அது பன்மடங்கு வேட்கையுடையது. அங்ஙனமாயின், மழையில் நனைந்த இரும்பு துருப்பிடித்து உதிரும்போது, அலுமினியம் அதற்கு முன்பே உதிர்ந்து மண்ணாகியிருக்க வேண்டுமன்றோ? ஏன் அவ்வாறு ஆவதில்லை?

இவ்வினாவுக்குரிய விடையைக் கண்டுவிட்டால் அலுமினியத்தின் ஏனைய குணங்கள் பலவும் தாமே விளங்கும். அவ்விடை பரீட்சைக்கு மட்டும் உரியதன்று. புளிக்குழம்பை எப்பாத்திரத்தில் வைப்பது, எப்பாத்திரத்தைச் சோடா இட்டுக் கழுவலாகாது, ஓட்டை விழுந்த கேத்தலை என்ன செய்வது என்னும் வீட்டு வினாக்களுக்கும் அதுவே விடை தருகின்றது.

எங்கும் உளது; எளிதிற் கிட்டாதது

புவியின் மேலோட்டின் நிறையில் ஏறத்தாழ 8 வீதம் அலுமினியமாகும். ஒட்சிசன், சிலிக்கன் ஆகிய இரண்டு மூலகங்களுக்கும் அடுத்தபடியாக அதற்கு மூன்றாமிடம். உலோகங்களை மட்டும் எண்ணினால் முதலிடம் அதற்கே; இரும்புகூட 5 வீதமளவே உள்ளது. குயவர் பிசையும் களிமண்ணிலும், சூளையிற் சுட்ட செங்கல்லிலும், நம் காலடி மண்ணிலும் அலுமினியம் கலந்திருக்கின்றது. எனினும், பொன்னைப்போல அது தனி உலோகமாக ஆற்றுமணலிற் கிடைப்பதில்லை. ஒட்சிசனோடும் பிற மூலகங்களோடும் இறுகப் பிணைந்தே அது காணப்படுகின்றது.

நம் முன்னோர் அலுமினியத்தைக் கண்டிலர். ஆனால் அதன் சேர்வைகளை நன்கறிவர். கலங்கிய நீரைத் தெளிவிப்பதற்கும், சவரஞ் செய்த முகத்திலே தடவுவதற்கும், சாயந் தோய்ப்பதற்கும் பயன்பட்ட படிகாரம், அலுமினியமும் பொற்றாசியமும் சேர்ந்த சல்பேற்று உப்பேயாகும். படிகாரத்தை இலத்தீன் மொழியில் அலூமென் என்பர். அதனுள்ளே அறியப்படாத ஓர் உலோகம் மறைந்திருக்க வேண்டுமெனக் கருதிய ஆங்கில விஞ்ஞானி ஹம்பிறி டேவி, 1808ஆம் ஆண்டிலே, உலோகத்தைப் பிரித்தெடுக்க இயலாத நிலையிலும், அச்சொல்லினின்றே அதற்குப் பெயர் சூட்டினார். பிள்ளை பிறக்குமுன் பெயர் பிறந்தது எனலாம்.

நம் நாட்டுக்கு இன்னும் நெருங்கிய சேர்வை ஒன்றுண்டு. அலுமினியமும் ஒட்சிசனும் மட்டுமே சேர்ந்து பளிங்காகி இறுகிய கல்லைக் குருந்தம் என்பர். மேனாட்டார் வழங்கும் கொரண்டம் என்னும் பெயர் நமது குருந்தம் என்ற சொல்லிலிருந்து சென்றதாகும். வைரத்தின் கடினத்தை 10 எனக் கொள்ளும் மோவின் அளவுகோலிலே குருந்தத்தின் கடினம் 9. நிறமற்ற இக்கல்லிலே சிறிதளவு குரோமியம் கலந்தால் அது செம்மாணிக்கம். இரும்பும் தைத்தேனியமும் சிறிதளவு கலந்தால் அது நீலக்கல். இரத்தினபுரியின் சுரங்கக் குழிகளிலிருந்து உலகெங்கும் சென்று முடிகளிலும் மோதிரங்களிலும் ஒளிவிடும் நீலக்கல், தன் உடம்பளவில் அலுமினியம் ஒட்சைட்டேயன்றி வேறன்று. இதனை வாசகர்கள் நினைவில் வைத்திருத்தல் நன்று. நாம் தேடும் விடையிலே இந்தக் குருந்தத்தின் உறவுப்பொருள் ஒன்று மீண்டும் தோன்றும்.

வெள்ளிக்கு ஒப்பான காலம்

ஒட்சிசன் பிடித்த பிடியை நெகிழ்த்தி அலுமினியத்தை வெளியே கொணர்வது எளிதாயிருக்கவில்லை. இரும்புத் தாதுவைக் கரியோடு சேர்த்து உலையிலிட்டால், கரி ஒட்சிசனைக் கவர்ந்துகொள்ள, இரும்பு வெளிப்படும். அலுமினிய ஒட்சைட்டோ இத்தகைய உலைக்கு இணங்குவதில்லை. டென்மார்க்கு நாட்டு விஞ்ஞானி ஏர்ஸ்டெட் 1825இல் முதன்முதலாக இவ்வுலோகத்தைச் சிறிதளவு பிரித்தார். ஜேர்மன் இரசாயனவியலார் வோலர் 1827இல் அதனைச் சாம்பனிறத் தூளாகப் பெற்றார். 1845இலே சிறு மணிகளாகத் திரட்டி அதன் இலேசான இயல்பை அளந்தறிந்தார். பிரான்சிலே டெவில் என்பார் 1854இல் சோடியத்தைக் கொண்டு அதனைச் சற்று அதிக அளவிற் செய்யும் வழியை வகுத்தார். மறு ஆண்டு பாரிசுப் பொருட்காட்சியிலே அலுமினியக் கட்டிகள் வைக்கப்பட்டபோது, களிமண்ணிலிருந்து பிறந்த வெள்ளி என்று மக்கள் வியந்தனர். பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் விருந்திலே உயர்ந்த விருந்தினருக்கு அலுமினியக் கரண்டியும் ஏனையோருக்குப் பொற்கரண்டியும் வைக்கப்பட்டன என்று ஒரு கதையும் வழங்குகின்றது.

கதை எவ்வாறாயினும், விலை உண்மையிலே உயர்ந்திருந்தது. அமெரிக்கத் தலைநகரிலுள்ள வாசிங்டன் நினைவுத் தூணின் உச்சியிலே 1884இல் பொருத்தப்பட்ட சிறு கூம்பு, 100 அவுன்சு அதாவது ஏறத்தாழ 2.8 கிலோகிராம் நிறையுள்ள அலுமினிய வார்ப்பாகும். அந்நாளிலே அவ்வுலோகம் வெள்ளிக்கு ஒப்பான விலைக்கு விற்றது.

இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1886ஆம் ஆண்டு பெப்புருவரி 23ஆம் நாள், அமெரிக்காவின் ஓபர்லின் நகரிலே, தன் வீட்டு விறகுக்கொட்டிலில் அமைத்த உலையில், சார்லசு மார்ட்டின் ஹோல் என்னும் 22 வயது இளைஞர் மின்னைச் செலுத்தி அலுமினியத்தைப் பிரித்தெடுத்தார். இரசாயனம் கற்ற அவர்தம் தமக்கை யூலியா அப்பணியில் அவருக்குத் துணைநின்றார். அதே ஆண்டிலே பிரான்சிலிருந்த போல் ஏரூ என்னும் இளைஞரும், ஹோலை அறியாதவராய், அதே முறையைக் கண்டார். இருவரும் 1863இல் பிறந்தவர்கள். இருவரும் 1914இல் மறைந்தவர்கள். விஞ்ஞான வரலாற்றில் இத்தகைய ஒற்றுமை அரிது.

அவர்கள் கண்ட உபாயம் யாது? அலுமினிய ஒட்சைட்டு உருகுவதற்கு 2,072 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். ஆனால், கிரையோலைட்டு என்னும் கனிப்பொருளை உருக்கி, அவ்வுருகலில் ஒட்சைட்டைக் கரைத்தால், ஏறத்தாழ 960 பாகையிலேயே மின்பகுப்பு நிகழ்த்தலாம். உருகிய அலுமினியம் கலத்தின் அடியிலே திரளும். விடுபட்ட ஒட்சிசன் கரிமின்வாயை எரித்துக் காபனீரொட்சைட்டாக வெளியேறும். உப்பை நீரிற் கரைத்து மின்பகுத்தால் ஆகாதோ என மாணவர் கேட்கலாம். ஆகாது, நீர்க்கரைசலிலே அலுமினியத்திற்கு முன்னர் ஐதரசனே வெளிப்பட்டுவிடும். பின்னர், இரசியாவிலே பணியாற்றிய ஒஸ்திரிய இரசாயனவியலார் பேயர், போட்சைற்றுத் தாதுவை எரிசோடாக் கரைசலினாற் சுத்திகரித்துத் தூய ஒட்சைட்டைப் பெறும் முறையை 1887ஐ அடுத்து வகுத்தார். இவ்விரண்டு முறைகளுமே இன்றுவரை அலுமினியத் தொழிலின் இரு தூண்களாக நிற்கின்றன.

விலை வீழ்ந்ததும் அலுமினியம் அரண்மனையை விட்டு அடுக்களையை நாடியது. சென்னைக் கலைத்தொழிற் பாடசாலையிலே ஆல்பிரட் சாட்டர்ட்டன் 1898இல் அலுமினியப் பாத்திரஞ் செய்யும் முயற்சியைத் தொடக்கினார். தமிழர் அடுக்களைக்கு இவ்வுலோகம் வந்த வரலாறு அவ்வளவு அண்மையது.

பௌதிக இயல்புகள்

அலுமினியத்தின் முதற் சிறப்பு அதன் இலேசான தன்மை. ஒரு கன சதமமீற்றர் அலுமினியத்தின் நிறை 2.7 கிராம். அதே கனவளவுள்ள இரும்பு 7.87 கிராமும், செம்பு 8.96 கிராமும் நிறுக்கும். ஆகவே, ஒரே அளவான இரும்புச் சட்டியோடு ஒப்பிட அலுமினியச் சட்டி ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு பாரமே உடையது.

மின்னைக் கடத்துவதில், ஒரே பருமனுள்ள கம்பிகளை ஒப்பிடின், செம்பின் கடத்துதிறனில் ஏறத்தாழ 60 வீதமே அலுமினியத்திற்கு உண்டு. ஆனால், ஒரே நிறையுள்ள கம்பிகளை ஒப்பிடின் அலுமினியம் செம்பைவிட இருமடங்கு சிறப்பாகக் கடத்தும். மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் கடந்து நெடுந்தூரம் தொங்கவேண்டிய கம்பிக்குப் பாரம் குறைதலே முதன்மையானது. ஆதலின், நம் மலைநாட்டு நீர்மின் நிலையங்களிலிருந்து வரும் உயரழுத்த மின்வழிகளிலே, வலிமைக்காக நடுவே உருக்கு இழைகளும் மின்னோட்டத்திற்காகச் சுற்றிலும் அலுமினிய இழைகளும் முறுக்கப்பட்டிருக்கும்.

வெப்பத்தையும் அது இரும்பைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விரைவாகக் கடத்துகின்றது. ஆகவேதான் அலுமினியச் சட்டியின் அடி முழுவதும் சீராகச் சூடேறுகின்றது. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அதன் உருகுநிலை 660 பாகை செல்சியசு மட்டுமே. இரும்பின் உருகுநிலையோ 1,538 பாகை. நீர் வற்றிய கேத்தலை அடுப்பில் மறந்துவிட்டால் அதன் அடி உருகி ஒழுகக்கூடும். இரும்பு காய்ந்தால் செந்தணலாகி நம்மை எச்சரிக்கும். அலுமினியம் கண்ணுக்குத் தெரியும்படி சிவக்காமலே உருகிவிடும்.

அடித்துத் தகடாக்கவும் இழுத்துக் கம்பியாக்கவும் அது எளிதில் இசையும். அதன் அணுக்கள் ஒன்றன்மேலொன்று வழுக்கிச் செல்ல ஏற்றவாறு அடுக்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணம். ஒரு மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கைவிட மெல்லிய தாளாகவும் அதனை உருட்டலாம். தன்மேற் படும் ஒளியில் ஏறத்தாழ 90 வீதத்தைத் திருப்பிவிடும் ஆற்றலும் அதற்குண்டு. கலிபோர்னியாவிலே பலோமர் மலைமீது 1948இல் திறந்துவைக்கப்பட்ட 200 அங்குலத் தொலைநோக்கியின் பேராடிக்குப் பூசப்பட்டது வெள்ளியன்று, அலுமினியமே.

தூய அலுமினியத்தின் குறை அதன் மென்மை. இக்குறையை நீக்கியவை கலப்புலோகங்கள். ரைட் சகோதரர் 1903இற் பறந்த விமானத்தின் எந்திர உடல், 8 வீதம் செம்பு கலந்த அலுமினியத்தால் வார்க்கப்பட்டது. ஜேர்மனியிலே அல்பிரட் வில்ம் என்பார் 1906இல், செம்பும் மகனீசியமும் சிறிதளவு சேர்த்த அலுமினியத்தைச் சூடாக்கி நீரில் அமிழ்த்திச் சில நாட்கள் வைத்துவிட்டுச் சோதித்தபோது, அது தானாகவே இறுகியிருக்கக் கண்டார். உலோகத்தின் உள்ளே மிக நுண்ணிய துணிக்கைகள் தோன்றி அணுக்களின் வழுக்கலைத் தடுப்பதே அதன் இரகசியம் எனப் பின்னர் தெரியவந்தது. விமானத்திற்கு இன்று வழங்கும் சில அலுமினியக் கலப்புலோகங்கள் தூய உலோகத்தைவிட ஐந்தாறு மடங்கு வலிமையுடையவை.

பகையே காவலாகும் விந்தை

இனி, தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு வருவோம். அலுமினியத்தின் அணுவெண் 13. அதன் இலத்திரன்கள் 2, 8, 3 என அமைந்துள்ளன. வெளியோட்டிலுள்ள மூன்று இலத்திரன்களையும் ஈந்துவிடுவதில் அது மிக்க விருப்புடையது. ஒட்சிசன் வந்து தொட்டவுடன் அவற்றைக் கொடுத்து அதனோடு பிணைகின்றது.

அவ்வாறு பிணைவதிலே வெளிப்படும் சத்தி எத்தகையது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். அலுமினியத் தூளும் இரும்பொட்சைட்டும் கலந்த கலவையைத் தீமூட்டினால், அலுமினியம் இரும்பிடமுள்ள ஒட்சிசனைப் பறித்துக்கொள்ளும். அப்போது எழும் வெப்பத்தால் இரும்பு நீர்போல் உருகி ஓடும். ஜேர்மன் இரசாயனவியலார் கோல்ட்சிமித் 1895இல் உரிமம் பெற்ற இம்முறையினாலேயே தண்டவாளங்களை இணைத்து ஒட்டும் வழக்கம் தோன்றி இன்றும் நிலவுகின்றது. தீபாவளி மத்தாப்பு வெண்பொறி சிந்துவதும் பெரும்பாலும் அலுமினியத் தூளினாலேயே. அடுப்பிலே அமைதியாயிருக்கும் சட்டியும் தண்டவாளத்தை உருக்கும் தூளும் ஒரே பொருள் என்பது நம்புதற்கரியதன்றோ?

சட்டியை அமைதியாக வைத்திருப்பது எது? புதிதாக வெட்டிய அலுமினியத்தின் முகம் காற்றுப்பட்ட கணத்திலேயே ஒட்சிசனோடு சேர்ந்து, மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்றினால் மூடப்படுகின்றது. அதன் தடிப்பு ஏறத்தாழ 4 நனோமீற்றர்; அதாவது, ஒரு தலைமயிரின் பருமனில் இருபதாயிரத்தில் ஒரு பங்களவு. நாம் முன்னர்க் கண்ட குருந்தத்திற்கும் இப்படலத்திற்கும் ஆக்கும் மூலகங்கள் ஒன்றே. இப்படலம் வெடிப்பின்றி உலோகத்தோடு ஒட்டிக்கொள்கின்றது. நீரும் காற்றும் உள்ளே புக இடந்தருவதில்லை. இரும்பின் துருவோ தளர்ந்தது. பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, உள்ளிருக்கும் இரும்பை மேன்மேலும் காற்றுக்குக் காட்டிக்கொடுக்கின்றது.

அலுமினியத்தைச் சுரண்டினால் என்னாகும்? சுரண்டிய இடத்திலே மறுகணமே புதுப் படலம் பிறக்கும். இவ்வளவு விரைவாகக் கவசம் பிறப்பதற்குக் காரணம் அதன் கடுமையான ஒட்சிசன் வேட்கையே. எக்குணம் அதனை அழிக்க வேண்டுமோ அக்குணமே அதனைக் காக்கின்றது. செறிந்த நைத்திரிக்கமிலம்கூட இப்படலத்தை மேலும் உறுதியாக்குவதல்லது அழிப்பதில்லை. இவ்வியற்கைக் கவசத்தை மின்பகுப்பினால் ஆயிரம் மடங்கு வரை தடிப்பாக்கி, அதன் நுண்துளைகளிலே சாயமேற்றுவதும் உண்டு. பொன்னிறமும் கபிலநிறமும் கொண்ட யன்னற் சட்டங்கள் பல அவ்வாறு செய்யப்பட்டவையே.

கவசம் உடையும் இடங்கள்

படலம் உள்ளவரை அலுமினியம் சாது. படலம் நீங்கினால் அதன் உண்மைக் குணம் வெளிப்படும். அமிலமோ காரமோ மிகாத சூழலில், பீஎச் பெறுமானம் ஏறத்தாழ 4 முதல் 8.5 வரையுள்ள நீரிலே, படலம் நிலைத்திருக்கும். அதற்கு இருபுறமும் அது கரையத் தொடங்கும்.

அலுமினிய ஒட்சைட்டு ஈரியல்புடையது. அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். ஐதரோகுளோரிக்கமிலத்தில் இட்ட அலுமினியத் துண்டு சிறிது நேரம் சும்மா கிடக்கும். படலம் கரைந்தபின் ஐதரசன் குமிழிகள் பொங்கியெழும். எரிசோடாக் கரைசலிலும் இவ்வாறே ஐதரசன் வெளிவரும். ஐதரசன் தீப்பற்றி வெடிக்கக்கூடிய வாயு. ஆகவே, அடைபட்ட குழாய்களைச் சுத்தஞ்செய்யும் எரிசோடாத் தூளை அலுமினியப் பாத்திரத்திற் கரைப்பதோ, அதில் இட்டு மூடிவைப்பதோ பேராபத்து. ஈரச் சீமெந்தும் காரத்தன்மை உடையதாதலால், யன்னற் சட்டங்களிலே தெறித்த சாந்தை உடனே துடைத்துவிட வேண்டும்.

உப்பு மற்றொரு பகை. அதிலுள்ள குளோரைட்டு அயன்கள் படலத்தின் மெலிந்த இடங்களிலே புகுந்து, ஊசித்துளை போன்ற குழிகளை உண்டாக்கும். இரசமோ இன்னும் கொடியது. அலுமினியத்தோடு அது இரசக்கலவையாகிவிட்டால் படலம் ஒட்டிநிற்க இயலாது. உலோகம் இடையறாது ஒட்சைட்டாகி வெண்பஞ்சு போல் வளர்ந்து உதிரும். விமானங்களிலே இரசம் கொண்டுசெல்வதற்குக் கடுங்கட்டுப்பாடு விதித்திருப்பதன் காரணம் இதுவே.

அலுமினியத்தின் வேட்கையை மாணவர்கள் ஆபத்தின்றிக் காண விரும்பின், வீட்டிலே கறுத்துப்போன வெள்ளிக் கரண்டி ஒன்றை எடுத்துக்கொள்க. கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் கரண்டி தொட்டிருக்கும்படி வைத்து, ஒரு கரண்டி ஆப்பச்சோடாவைத் தூவி, பெரியோர் ஒருவரின் துணையுடன் வெந்நீர் ஊற்றுக. அழுகிய முட்டையின் மணம் சிறிது எழும். ஆகவே யன்னலைத் திறந்து வைக்க. சில நிமிடங்களிலே கறுப்பு நீங்கி வெள்ளி துலங்கும். வெள்ளியைப் பற்றியிருந்த கந்தகத்தை அகற்ற, அலுமினியம் தன் இலத்திரன்களை ஈந்து தான் கரைந்தது. தேய்த்துத் துலக்கினால் வெள்ளி தேயும். இம்முறையில் அது தன் உலோகத்தைத் திரும்பப் பெறுகின்றது. கல் பதித்த நகைகளுக்கு மட்டும் இது ஆகாது.

அடுக்களையிற் கவனிக்க வேண்டியவை

மேற்கூறியவற்றிலிருந்து இல்லத்தரசியர்க்குச் சில விதிகள் தாமே பெறப்படும். சோறு, பால், நீர் ஆகியவற்றைக் காய்ச்ச அலுமினியம் ஏற்றது. புளிக்குழம்பு, தக்காளிக் கறி, தேசிக்காய் சேர்ந்த உணவு ஆகியவற்றை அதிலே நெடுநேரம் கொதிக்கவைப்பதும், இரவு முழுவதும் வைத்திருப்பதும் தகாது. புளியும் உப்பும் ஒருங்கே சேர்ந்த ஊறுகாய்க்கு அலுமினியம் அறவே ஆகாது. அதற்குச் சாடியோ கண்ணாடிப் போத்தலோ வேண்டும்.

நீர் கொதிக்கும் கேத்தலின் உட்புறம் கறுப்பது கண்டு சிலர் அஞ்சுவர். நீரிலுள்ள உப்புக்களும் சிறிதளவு காரத்தன்மையும் படலத்தைத் தடிக்கச் செய்வதால் உண்டாகும் நிறமாற்றமே அது, தீங்கற்றது. அதனைத் தேசிக்காயும் மணலும் இட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது கவசத்தைக் களைந்தெறிவதாகும். சலவைச் சோடாவினாற் கழுவுவதும் அத்தகையதே. மென்மையான சவர்க்காரமும் துணியும் போதும்.

உடல்நலத்தின் பொருட்டு

அலுமினியப் பாத்திரத்தில் உண்டால் மறதிநோய் வருமென்ற பேச்சை வாசகர் பலர் கேட்டிருப்பர். அத்தகைய காரணத் தொடர்பு இதுவரை நிறுவப்படவில்லை. உண்ணும் அலுமினியத்தில் மிகச் சிறிய பங்கே குருதியிற் சேர்கின்றது. அதனையும் நலமுள்ள சிறுநீரகங்கள் வெளியேற்றிவிடுகின்றன. எனினும் அளவென்பது ஒன்றுண்டு. உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு, வாரமொன்றுக்கு உடல்நிறையின் ஒரு கிலோகிராமுக்கு 2 மில்லிகிராம் என 2011இல் எல்லை வகுத்தது. 60 கிலோகிராம் நிறையுள்ளவருக்கு அது 120 மில்லிகிராமாகும்.

சிறுநீரகம் பழுதுற்றோர் நிலை வேறு. 1970ஆம் ஆண்டுகளிலே, குருதி சுத்திகரிப்புச் சிகிச்சை பெற்ற நோயாளர் சிலருக்குப் பேச்சும் நினைவும் குன்றி மரணம் நேர்ந்தது. சிகிச்சைக்கான நீரிலும் மருந்துகளிலும் இருந்த அலுமினியம் மூளையிலே சேர்ந்ததே காரணமெனக் கண்டனர். அதன்பின்னரே அந்நீரினின்று அலுமினியத்தை அகற்றும் கண்டிப்பான ஒழுங்குகள் வந்தன. ஆகவே, சிறுநீரக நோயுள்ளோர் புளிப்புணவை அலுமினியத்திற் சமைப்பதைத் தவிர்த்தல் நன்று.

மலிவை மட்டும் கருதி வாங்கும் பாத்திரங்களிலே வேறோர் ஆபத்துண்டு. பலவகைக் கழிவுலோகங்களை ஒன்றாக உருக்கி வார்த்த பாத்திரங்களில் ஈயம் கலந்திருக்கலாம். கமரூன் நாட்டு வார்ப்புப் பாத்திரங்களை ஆராய்ந்தோர், அவற்றிலிருந்து உணவுக்குள் ஈயம் கசியக்கூடுமென 2014இல் வெளியிட்டனர். சிறுவரின் மூளைக்கு ஈயம் நஞ்சு. மூலம் தெரியாத வார்ப்புச் சட்டியை விலக்குவதே விவேகம்.

பழைய கேத்தலில் உறங்கும் மின்சாரம்

ஒட்சிசனின் பிடியினின்று அலுமினியத்தை விடுவிக்க நாம் கொடுக்கும் விலை மின்சாரம். ஒரு கிலோகிராம் அலுமினியத்தை மின்பகுப்பினாற் பெறுவதற்கு ஏறத்தாழ 14 கிலோவாற்று மணி மின் செலவாகின்றது. நம் வீட்டு மின்பட்டியலின் கணக்கில் 14 அலகுகள். அரைக் கிலோகிராம் நிறையுள்ள ஓட்டைக் கேத்தலிலே 7 அலகு மின்சாரம் உறங்குகின்றது. குடித்து வீசும் ஒரு பானப் பேணியின் நிறை ஏறத்தாழ 13 கிராம். அதற்குச் செலவான மின்சாரத்தால் 9 வாற்று மின்குமிழ் ஒன்றை 20 மணி நேரம் எரிக்கலாம்.

மின்சாரம் மட்டுமன்று. ஒரு தொன் அலுமினியத்திற்கு நான்கைந்து தொன் போட்சைற்று தோண்டப்பட வேண்டும். அதனைச் சுத்திகரித்தபின் எஞ்சுவது காரம் மிகுந்த செம்சேறு. ஹங்கேரி நாட்டின் அய்கா நகரருகே 2010ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆம் நாள் அத்தகைய சேற்றுத் தேக்கத்தின் கரை உடைந்து ஊர்களுக்குட் புகுந்ததிற் பத்துப் பேர் மாண்டனர். நாம் வீசியெறியும் பேணிக்கும் எங்கோ ஒருவர் விலை கொடுத்திருக்கின்றார்.

ஆனால், ஒருமுறை ஒட்சிசனை விட்டுப் பிரிந்த அலுமினியத்தை மீண்டும் பிரிக்கவேண்டியதில்லை. அதன் மெல்லிய கவசம் உள்ளிருக்கும் உலோகத்தை ஆண்டாண்டாகக் காத்துவைத்திருக்கின்றது. பழைய பாத்திரத்தை 660 பாகைக்குச் சற்று மேலே உருக்கினாற் போதும். முதன்முறை செலவான சத்தியில் ஏறத்தாழ 5 வீதத்தோடு புதிய உலோகம் கிடைத்துவிடும். எத்தனை முறை உருக்கினாலும், பிற உலோகங்கள் கலவாமல் பிரித்துவைத்தால், அதன் தரம் குன்றுவதில்லை. இதுவரை உலகிற் செய்யப்பட்ட அலுமினியத்தில் ஏறத்தாழ முக்காற் பங்கு இன்னும் பயனில் உள்ளதென மதிப்பிடுவர்.

ஆதலின், நசுங்கிய சட்டியையும் வெறும் பேணியையும் குப்பைக் குழியிலே புதைத்தல் வேண்டா. இரும்பிலிருந்தும் பித்தளையிலிருந்தும் வேறாக்கி ஒரு மூலையிற் சேர்த்துவைத்து, பழைய பொருள் வாங்குவோரிடம் கொடுத்தல் வேண்டும். எது அலுமினியம் என்று ஐயமுற்றால், ஒரு காந்தத்தை அருகே கொண்டுசென்றால் இரும்பு ஒட்டும், அலுமினியம் ஒட்டாது. கையில் ஏந்தினால் பித்தளை பாரிக்கும், அலுமினியம் பாரிக்காது. இப்பிரிப்பை வீட்டுப் பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம். பள்ளியிற் படித்த அடர்த்தியும் காந்தவியல்பும் வீட்டு முற்றத்திலே பயன்தரக் காண்பது அவர்களுக்கும் மகிழ்ச்சி தரும். நாட்டுக்கும் நன்மை தரும்.